ஏலக்காய் விலையைப் பாட வைக்க எந்தக் கருவி?

போடியில் ஏலக்காய் விலை தெரியாத வீடு அபூர்வம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறவர்களுக்கும், கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவர்களுக்கும், ஒரு பிடி காய்கூடச் சொந்தமாக இல்லாத டீக்கடைக்காரருக்கும் அன்றைய சராசரி தெரியும். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. எத்தனை லாட், வரத்து எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, உச்ச விலை, சராசரி விலை என்று ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒரு வரி வெளியாகிறது. அந்தப் பட்டியலை இசையாக்குவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஏன் விலைப்பட்டியல்? கையில் ஒரு வேலை இல்லாமல் கருவி தேடப் போனால் தேடல் முடியவே முடியாது. நான் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படித்தான் கழித்தேன். ஏழெட்டு மென்பொருள்களை இறக்கினேன், ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தை முடித்தேன், அரை நிமிட இசைகூடச் செய்யவில்லை. பட்டியலைக் கையில் எடுத்த பிறகு இரண்டே வாரத்தில் எது உதவும், எது உதவாது என்று தெளிந்துவிட்டது.

தேடும்போது முதலில் கண்ணில் படுவது நமக்கு வேண்டாத சரக்கு. 'கணினி இசை' என்று தட்டினால், ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழுப்பாட்டாகத் திருப்பித் தரும் ஏ.ஐ. சேவைகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் விதி உங்கள் கையில் இல்லை. இங்கே நாம் பேசுவது விதியை நீங்கள் எழுதி, கணினி அதை நடத்திக் காட்டும் முறை. 'அல்காரிதமிக் காம்போசிஷன்', 'லைவ் கோடிங்', 'சோனிஃபிகேஷன்' என்ற மூன்று சொற்களில் தேடினால் சரியான தெருவுக்குள் நுழைவீர்கள். மூன்றாவது சொல், எண்களை ஒலியாக்குவது. நம் வேலைக்கு மிக நெருங்கியது அதுதான்.

முதல் கேள்வி: விலையை எப்படிச் சுரமாக்குவது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, நூறு ரூபாய்க்கு ஒரு படி. செய்து பாருங்கள், காது ஒப்புக்கொள்ளாது. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து நூறு என்பது பத்து சதவீத ஏற்றம். ஆறாயிரத்திலிருந்து ஆறாயிரத்து நூறு என்பது இரண்டு சதவீதம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே படி கொடுத்தால் வியாபாரிக்கே அது பொய்க்கணக்காகப் படும். காதும் வியாபாரி மாதிரித்தான், விகிதத்தைத்தான் கேட்கும். ஒரு சுரத்தின் அதிர்வெண் இரட்டித்தால் மேல் ஸ்தாயி வருகிறது. ஆகவே விலை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி என்று வையுங்கள்.

கிலோ ஆயிரம் ரூபாயை ஆதார ஷட்ஜமாக எடுத்துக்கொள்வோம். ஆயிரத்து ஐந்நூறு எங்கே விழும்? ஒன்றரை மடங்கு, அதாவது சுத்தமான பஞ்சமம். ஆயிரத்து இருநூற்றைம்பது அந்தர காந்தாரம். இரண்டாயிரம் மேல் ஷட்ஜம், மூவாயிரம் மேல் பஞ்சமம். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் போனது. அந்த விலை மூன்றாவது ஸ்தாயியில், கைசிகி நிஷாதத்துக்குச் சற்றே கீழே போய் நிற்கும், ஹார்மோனியத்தில் கட்டையே இல்லாத இடத்தில். அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உச்ச விலையைப் பாட விட்டால் எப்போதோ கேட்கும் ஓர் அலறல்தான் மிஞ்சும். மெட்டுக்குச் சராசரியை எடுங்கள்.

இனி வேலையின் நெருக்கடியான இடம். எடுத்துக்காட்டாக, மூன்று நாள் சராசரி 2400, 2424, 2390 என்று வைத்துக்கொள்வோம். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படி என்ற கணக்கில் ஆதாரத்திலிருந்து இவை 15.16, 15.33, 15.08 என்று வரும். பதினைந்தாவது படி மேல் ஸ்தாயி சாதாரண காந்தாரம். எண்ணை முழுமையாக்கும் கருவியிடம் இதைக் கொடுத்தால் மூன்று நாளும் அதே சாதாரண காந்தாரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். போடியில் அந்த மூன்று நாளில் ஒருவர் சரக்கை விற்றிருப்பார், ஒருவர் பொறுத்திருப்பார், ஒருவர் விற்றுவிட்டு வருந்தியிருப்பார். இசையில் எதுவுமே நடந்திருக்காது.

ஒரு சுரத்தானத்திலிருந்து அடுத்ததற்குப் போக விலை ஏறக்குறைய ஆறு சதவீதம் ஏற வேண்டும். சாதாரண நாளில் அவ்வளவு ஏறாது. ஆக, பருவத்துக்குப் பருவம் வரும் மாற்றம் சுரமாகவும், நாளுக்கு நாள் வரும் அசைவு சுரத்துக்குள் நடக்கும் அசைவாகவும் விழுகிறது. சுரத்துக்குள் நடக்கும் அசைவுக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: கமகம். அதனால்தான் கருவியைச் சோதிக்கும் முதல் கேள்வியாக இதை வைத்திருக்கிறேன். கருவிகள் சுரத்தை எண்ணால்தான் அறியும். '63' என்ற சுரத்தை வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு '63.16' வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மீட்டு விடாமல் வழுக்கிப் போகச் சொல்லுங்கள். மூன்றும் முடிந்தால் மேலே பேசலாம்.

பல கருவிகள் இரண்டாவதிலேயே இடறும். காரணம் மிடி. 1983-இல் வந்த மிடி முறையில் சுரங்கள் 0 முதல் 127 வரை முழு எண்கள்தாம். சுரத்தை வளைக்கத் தனிக் கட்டளை உண்டு, ஆனால் அது அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் சேர்த்து வளைக்கும். கீபோர்டு வாசிப்பவரை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. வீணைக்காரரையும் நாகசுரக்காரரையும் அன்று யாரும் கேட்கவில்லை. 'மிடி கோப்பு மட்டும் தரும்' என்று ஒரு கருவியின் விளக்கத்தில் இருந்தால் நம் வேலைக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

மூன்று சோதனையிலும் தேறியவற்றில் புதியவருக்கு நான் முதலில் கொடுப்பது சோனிக் பை. கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் 2012-இல், ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினிக்காக, பள்ளிப் பிள்ளைகளை நினைத்து எழுதத் தொடங்கியது. விண்டோஸ் மடிக்கணினியிலும் ஓடும், இலவசம். பாடப்புத்தகம் உள்ளேயே இருப்பதால் ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் வேண்டாம். தசம எண்ணைச் சுரமாகக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாசிக்கும். வழுக்கலுக்கு வழி இது: ஒரே ஓசையை நீளமாகத் தொடங்கி அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'கன்ட்ரோல்' என்ற கட்டளையால் அதன் சுரத்தை மட்டும் மாற்றுங்கள். 'நோட் ஸ்லைடு' என்ற அளவு, போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதைச் சொல்லும். ஒரு நாளுக்கு அரை நொடி கொடுத்தால் ஓர் ஆண்டு ஏலம் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும்.

சோனிக் பையின் வயிற்றுக்குள் ஒலி எழுப்புவது சூப்பர்கொலைடர். ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996-இல் வெளியிட்டு, 2002-இல் மூலநிரலைத் திறந்துவிட்டார். ஆழம் அதிகம், படிக்கட்டு செங்குத்து. முதல் ஆறு மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர்களுக்கும், எக்செல்லில் கை பழகியவர்களுக்கும் இன்னொன்று சொல்வேன், அது சீசவுண்ட். எம்.ஐ.டி.யில் பேரி வெர்கோ 1980-களில் எழுதியது. பழையது என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம், எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் வாத்தியம் ஒரு பகுதி, சுரப்பட்டியல் இன்னொரு பகுதி. பட்டியலின் ஒவ்வொரு வரியும் வாத்திய எண், தொடங்கும் நேரம், நீளம், பிறகு நீங்கள் வைத்துக்கொள்ளும் எண்கள் என்று போகும். பேரேட்டுப் பக்கம்தான் அது! எக்செல்லில் விலைக்கு அடுத்த கட்டத்தில் வாய்பாட்டை எழுதி, நெடுக இழுத்துவிட்டு, நகலெடுத்து ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. மெட்டு வட்டாரத்தில் நிரலே எழுதத் தெரியாத ஒருவர் என் கண்முன் ஒரே பிற்பகலில் இதைச் செய்தார்.

விலையை அப்படியே வழுக்க விட்டால் கேட்க எப்படி இருக்கும்? உண்மையைச் சொன்னால், முதல் நிமிடம் வேடிக்கையாக இருக்கும், இரண்டாவது நிமிடம் கொசு ரீங்காரம். இங்கே உதவிக்கு வருவது கர்நாடக இசை பற்றிய ஓர் ஆய்வு. ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் ஆய்வுக்காக வீணைக் கமகங்களைக் கணினிக்குள் கொண்டுவந்தபோது, சுருதியின் ஓட்டத்தை இரண்டு கூறாகப் பிரித்தார். ஒன்று மெல்ல நகரும் மேடை, மற்றது அந்த மேடைமேல் நடக்கும் ஆட்டம். விலைக்கும் இந்தப் பிரிவு அச்சாகப் பொருந்துகிறது. முப்பது ஏலங்களின் நகரும் சராசரியை மேடையாக்குங்கள். அந்த மேடையிலிருந்து அன்றைய விலை எவ்வளவு விலகுகிறது என்பதை நான்கு மடங்கு பெருக்கி ஆட்டமாக வையுங்கள். மேடையை மட்டும் உங்களுக்குப் பிடித்த ராகத்தின் சுரங்களில் நிற்கச் சொல்லலாம், அங்கே முழுமையாக்குவது குற்றமில்லை. ஆட்டத்தை மட்டும் முழுமையாக்காதீர்கள். கொசு போய்விடும்.

இதே ஊர்ப்பக்கம் இன்னொரு கருவியையும் கேட்பார்கள்: "சுரத்தை எழுதிக் குடுத்தா கமகத்தோட வாசிக்கிற சாஃப்ட்வேர் இருக்காமே அண்ணே?" இருக்கிறது. சென்னை எம். சுப்பிரமணியன் உருவாக்கிய காயகா அதைச் செய்யும். கீர்த்தனை படிக்கிறவர்களுக்கு நல்ல துணை. ஆனால் அது எழுதியதை வாசிக்கும் கருவி. விதியிலிருந்து எழுதுகிற வேலையை வேறிடத்தில் முடித்துக்கொண்டுதான் அதனிடம் போக வேண்டும்.

ராகத்தின் சுரங்கள் என்றேன். அதையும் விதியாகவே எழுதலாம், அந்த விதியின் வேர் நமக்குத் தூரமில்லை. ஆபிரகாம் பண்டிதர் இளமையில் நம் மாவட்டத்துச் சுருளிமலைக்கு வந்து கருணானந்தர் என்ற சித்தரைக் கண்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. 1917-இல் தஞ்சாவூரில் வெளியிட்ட பெருநூலுக்கு அந்த நினைவாகவே 'கருணாமிர்த சாகரம்' என்று பெயர். அதில் வட்டப்பாலையைப் பன்னிரண்டு இராசி வட்டமாக வரைந்து விளக்குகிறார். அதை நிரலாக்க இரண்டே வரி போதும். சுழியத்தில் தொடங்கு, ஏழு ஏழாக ஏறு. பன்னிரண்டைத் தொட்டாலோ தாண்டினாலோ பன்னிரண்டைக் கழி. 0, 7, 2, 9, 4, 11 என்று போய்ப் பன்னிரண்டு வீட்டையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும்.

அடுத்த விதி பண்ணுப்பெயர்த்தல். செம்பாலையின், அதாவது இன்றைய அரிகாம்போதியின் இடைவெளிகளை 2, 2, 1, 2, 2, 1, 2 என்று ஒரு வரிசையாக எழுதுங்கள். முதல் எண்ணை எடுத்துக் கடைசியில் வைத்தால் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. இன்னும் இரண்டு முறை மாற்றினால் அரும்பாலை, சங்கராபரணம். அடுத்தது கோடிப்பாலை, கரகரப்பிரியா. பிறகு விளரிப்பாலை, தோடி. கடைசியில் மேற்செம்பாலை, கல்யாணி. ஏலம் ஒவ்வொரு மாதம் முடியும்போதும் ஒருமுறை பெயர்த்தால் ஏழு மாதத்தில் ஏழு பாலையும் வந்துவிடும். எனக்கு இந்த நிரலில் மிகப் பிடித்த இடம் இது. விலை வேறு, பாலை வேறு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சக்கரங்கள் சுழல, இரண்டும் எங்கே உரசும் என்பது எழுதியவருக்கே முன்கூட்டித் தெரியாது. பண்டிதர் ஸ்தாயிக்கு 24 சுருதி என்று வாதிட்டவர். தசம எண் ஏற்கும் கருவியில் அதையும் சோதிக்கலாம், ஒரு சுருதிக்கு அரைப்படி.

விதியால் இசை செய்வது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 1957-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் என்ற கணினியைக் கொண்டு நால்வர் தந்தி இசை ஒன்றை எழுதி முடித்தார்கள். கணினி எண்களைக் கண்டபடி கொட்டும், விதிகள் சலிக்கும், தேறியது ஏட்டில் ஏறும். கிட்டங்கியில் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் காய் சலிப்பதைப் பார்த்தவருக்கு அந்த முறையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டு 'சங்கீத ரத்னாகரம்' ஏழு சுரங்களை 5040 வகையாக வரிசைப்படுத்தும் பிரஸ்தாரத்தையும், இத்தனையாவது வரிசை எது என்று கேட்டால் பட்டியல் முழுவதையும் எழுதாமலே கண்டுபிடிக்கும் வழியையும் தருகிறது. கணினிதான் வரவில்லை, கணக்கு வந்திருந்தது.

தாளத்துக்கு வருவோம். பலகைமேல் தட்டிச் சொல்லும் கோர்வைக் கணக்கு நல்ல முதல் பயிற்சி. ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டு இடைவெளி விட்டு, சமத்தில் வந்து விழ வேண்டும். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை என்றால், மூன்று சொற்கட்டும் இரண்டு கார்வையும் சேர்ந்து 32 ஆக வேண்டும். நிரலை எழுதி ஓடவிட்டால் ஐந்து விடை வரும்: சொற்கட்டு 2 கார்வை 13, 4-க்கு 10, 6-க்கு 7, 8-க்கு 4, 10-க்கு 1. இதை மிருதங்கம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். முதல் விடையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ரெண்டு எழுத்தைச் சொல்லிட்டு பதிமூணு மாத்திரை சும்மா இருந்தா, வாசிக்க மறந்துட்டான்னு நெனப்பாங்க தம்பி." பத்துக்கு ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. அவர் சொன்னதும் விதிதான். கார்வை சொற்கட்டைவிட நீளமாக இருக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். மிச்சம் இரண்டு விடை.

இந்த வேலையை இதைவிடப் பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் பெர்னார்ட் பெல்லும் ஜிம் கிப்பனும் லக்னோ தபலா மரபை வைத்து போல் புராசஸர் என்ற நிரலை உருவாக்கினார்கள். எந்திரம் புதிய வாசிப்புகளைச் சொல்லும், உஸ்தாத் சரி, தப்பு என்பார், விதி திருத்தப்படும். அதன் எழுத்துமுறை பின்னால் அலெக்ஸ் மெக்லீனின் டைடல்சைக்கிள்ஸ் நிரலுக்குள் போய்ச் சேர்ந்தது. டைடலில் நேரத்தின் அலகு ஆவர்த்தனம். ஓர் ஆவர்த்தனத்துக்குள் ஏழு என்றால் ஏழு, அந்த ஏழுக்குள் ஐந்து என்றால் ஐந்து. நான்கு நான்காகவே எண்ணத் தெரிந்த மேற்கத்திய மென்பொருள்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். நிறுவுவதுதான் பெரும்பாடு. அதனால் ஸ்ட்ரூடல் என்ற அதன் தம்பியில் தொடங்குங்கள். அது பிரவுசருக்குள்ளேயே ஓடும், நிறுவ எதுவும் இல்லை, மிருதங்கச் சொற்களின் ஒலிப்பதிவும் அதில் உண்டு.

ஆனால் ஸ்ட்ரூடலை நம்பி மலை ஏறாதீர்கள். நான் ஏறினேன். உறவினர் ஸ்டோருக்கு மேலே ஓர் அறையில் மூன்று நாள் தங்கி வேலை செய்வதாகத் திட்டம். முந்தல் தாண்டிச் சில வளைவுகளிலேயே சிக்னல் போய்விட்டது. ஒலிப்பதிவுகளை அது அப்போதைக்கப்போது நெட்டிலிருந்து எடுக்கிறது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. எழுத்து ஓடியது, ஓசை வரவில்லை. கீழே காய் உலர்த்தும் அடுப்பின் இரைச்சல்தான் மூன்று நாளும் எனக்குக் கிடைத்த ஒலி. கருவியை வீட்டில் சோதிக்கும்போதே வைஃபையை அணைத்து, கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, பிறகு ஓடுகிறதா என்று பாருங்கள்.

கணினி புதிதாக இருக்க வேண்டியதில்லை. நான்கு ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி சோனிக் பைக்கும் சீசவுண்டுக்கும் தாராளம். 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்த பிறகு, வாரம் மூன்று நாள் சென்னை சென்ட்ரலுக்கே வண்டி இருக்கிறது; ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் நேரில் தட்டிப் பார்த்து வாங்கலாம். காசு மிஞ்சினால் நல்ல வயர் ஹெட்போனுக்குப் போடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் ஓசையைத் தாமதமாகத்தான் தரும். விசையைத் தட்டி, கேட்டு, திருத்தும் வேலைக்கு அது தலைவலி.

உறுமிக்கு ஆயத்தப் பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. நம் பக்கத்துக் கோயில் கொடையில் உறுமி வாசிப்பவர் ஒருவரிடம் கேட்டு, நாள் சம்பளம் கொடுத்து, கைப்பேசியிலேயே பதிவு செய்தேன். காற்று அடிக்காத மண்டபத்துக்குள், வாத்தியத்துக்கு ஒரு முழம் தள்ளி. வலப்பக்கத்து அடிகளைத் தனித்தனிக் கோப்பாக வெட்டுவது சுலபம். இடப்பக்கத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலை வெட்ட முடியாது, அது அடியே இல்லை, வழுக்கல். அதைப் பத்து நொடி நீளத்துக்குத் தேய்த்துத் தரச் சொல்லி ஒரே கோப்பாக வைத்துக்கொண்டேன். இப்போது என் நிரலில் விலையின் ஆட்டத்தை ஏந்துவது அந்தக் கோப்புதான்: விலை மேடைக்கு மேலே போனால் ஓட்டவேகம் கூடிச் சுருதி ஏறும், கீழே போனால் அடித்தொண்டைக்கு இறங்கும்.

ஏலம் நடக்காத நாளுக்கு என்ன செய்வது என்பதை நிரல் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். பட்டியலில் அந்த நாளுக்கு வரியே இருக்காது. அப்படியே விட்டால் நிரல் இரண்டு நாளை ஒட்டிவிடும், ஆண்டுக் கணக்கு சுருங்கிவிடும். சுழியம் போட்டால் விலையே இல்லாத விலைக்குச் சுரம் தேடி நிரல் பிழை காட்டி நிற்கும். முந்தைய நாள் சுரத்தை ஆட்டமில்லாமல், கார்வையாக அரை நொடி நீட்டுங்கள்.